கணவன், மனைவி இருவருக்குமே பழைய கடன் சிக்கல்: வீட்டுக்கடன் வாங்க என்ன வழி?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. 2020-ல் வேலை போனபோது 1,42,000 ரூபாய் கிரெடிட் கார்டு பாக்கியை 60,000 ரூபாய்க்கு செட்டில்மென்ட் செய்தீர்கள். உங்கள் மனைவியின் கல்விக் கடன் ஒன்றரை ஆண்டு தவணை தவறி, 2023-ல் வட்டியோடு முழுதும் கட்டி முடிந்தது. கல்யாணத்துக்கு முன் அவர் பெயரில் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடனும் இருந்தது. இப்போது கைக்கு வரும் சம்பளம் உங்களுக்கு 48,000, அவருக்கு 32,000. சென்னையில் 45 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வங்கி மறுத்துவிட்டது. இருவரும் சேர்ந்து போட்டால் கடன் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் தயவுசெய்து இப்போதே அடுத்த வங்கிக்குப் போகாதீர்கள். ஆறு மாதம் பொறுத்துப் போனால் கிடைக்கிற கடனும், இன்றைக்கே அலைந்து வாங்குகிற கடனும் ஒன்றல்ல. வட்டியில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். எல்லோரும் சிபில் ஸ்கோரைப் பற்றியே, அதாவது கடன் கட்டிய பழக்கத்துக்குத் தரும் மதிப்பெண்ணைப் பற்றியே, கவலைப்படுகிறார்கள். வீட்டுக்கடன் ஃபைலைப் பார்க்கிற கிரெடிட் மேனேஜர் ஸ்கோரோடு நிற்பதில்லை, கடன் வரலாற்று ரிப்போர்ட்டில் எந்தக் கணக்குக்கு நேரே என்ன குறிப்பு இருக்கிறது என்று பார்க்கிறார். 740 ஸ்கோர் இருந்தும் 'செட்டில்டு' (பாக்கியில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்து முடித்தது) என்ற ஒற்றைச் சொல்லால் ஃபைல் திரும்பும். 690 ஸ்கோரில், எல்லாக் கணக்கும் 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடிந்தது) என்றிருந்தால் பேசிப் பார்க்க இடம் உண்டு. நீங்கள் சரிசெய்ய வேண்டியது அந்தக் குறிப்புகளை.

முதல் வேலை, மறுத்த வங்கியிடம் காரணத்தை எழுத்தில் கேட்பது. கடன் மனுவை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. "சிபில் சரியில்லை சார்" என்று வாய்மொழியாகச் சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்தக் கணக்கு, யாருடையது என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது ரிப்போர்ட். இந்தியாவில் இதற்கு நான்கு நிறுவனங்கள் உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் இருவருக்கும் தனித்தனியாக, ஆக எட்டு ரிப்போர்ட் எடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்தால் ஸ்கோர் குறையாது. வங்கி எடுத்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும். குறுகிய காலத்தில் பல வங்கிகளில் மனுப் போடுவது கெடுதல் என்று சொல்வது அதனால்தான். குழுக் கடன் விஷயத்தில் கிரிஃப் ஹைமார்க் ரிப்போர்ட்டை விட்டுவிடாதீர்கள், மைக்ரோ ஃபைனான்ஸ் தகவல் அங்கேதான் விரிவாக இருக்கும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கல்யாணம் ஆனதால் இருவர் ரிப்போர்ட்டும் ஒன்றாவதில்லை. உங்கள் கார்டு பாக்கி அவர் ரிப்போர்ட்டில் வராது, அவர் கல்விக் கடன் உங்களுடையதில் வராது. இருவரும் கையெழுத்திட்ட கடனோ, ஒருவருக்கு மற்றவர் கொடுத்த ஜாமீனோ இருந்தால் மட்டுமே அது இரண்டிலும் ஏறும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? ஒவ்வொரு கணக்குக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும், 36 மாதம் வரை. ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண். 000 என்றால் தாமதமில்லை. 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு மாதமும் கட்டாமல் விட்டது தெரியும். 90 நாளைத் தாண்டினால் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். எஸ்டிடி என்று இருந்தால் ஒழுங்கான கணக்கு, எஸ்எம்ஏ என்றால் எச்சரிக்கை நிலை, எஸ்யுபி, டிபிடி, எல்எஸ்எஸ் என்பவை வாராக்கடனின் அடுத்தடுத்த படிகள். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் அந்த மாதம் வங்கி தகவலே தரவில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம். இதற்குப் பக்கத்தில்தான் 'ரிட்டன் ஆஃப் அண்ட் செட்டில்டு ஸ்டேட்டஸ்' என்ற வரி இருக்கும் ('ரிட்டன் ஆஃப்' என்றால் வராது என்று வங்கி தன் கணக்கிலிருந்து தள்ளிய பாக்கி). நல்ல கணக்கில் அது காலியாக இருக்கும். உங்கள் கார்டில் 'செட்டில்டு' என்றும், செட்டில்மென்ட் தொகை 60,000 என்றும் இருக்கும்.

உங்கள் கார்டின் 2020 கட்டங்களை மட்டும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைக்கும் சலுகைக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்திருந்தது. அதுவரை ஒழுங்காகக் கட்டி, சலுகையையும் எடுத்திருந்தால் அந்த மாதங்களைத் தாமதமாக எண்ணியிருக்கக் கூடாது. எண்ணியிருந்தால் அது பிழை, திருத்தச் சொல்லலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லை இனிஷியல். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதலெழுத்து, பின் கணவர் பெயரின் முதலெழுத்து. பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் வெறும் எழுத்து, பழைய கடன் மனுவில் வேறு மாதிரி. இதனால் ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவுகள் உருவாகிவிடும். கல்விக் கடன் ஒன்றில், சம்பளக் கணக்கோடு வந்த கார்டு இன்னொன்றில். நீங்கள் எடுத்த ரிப்போர்ட்டில் கல்விக் கடனே காணவில்லை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வங்கி பான், பிறந்த தேதி, பழைய முகவரி எல்லாம் போட்டுத் தேடும்போது இரண்டும் சேர்ந்து வெளியே வரும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: அதே பெயர், அதே இனிஷியல் உள்ள யாரோ ஒருவரின் பைக் கடன் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். மனுப் போடுவதற்கு முன் பான், ஆதார், சம்பளக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பிழை இருந்தால் அந்த ரிப்போர்ட் நிறுவனத்தின் தளத்திலேயே கட்டணமின்றி ஆட்சேபம் பதியலாம். அவர்களாகவே எதையும் மாற்ற மாட்டார்கள், கடன் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டு அது ஒப்புக்கொண்டால்தான் மாற்றுவார்கள். அதனால் அதே நாளில் வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் ரசீது நகலோடு எழுதுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே புகார் செய்யலாம், செலவில்லை. "பத்தாயிரம் கொடுங்கள், சிபிலைக் கிளீன் செய்து தருகிறோம்" என்பவர்களிடம் போகாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது, பொய்யான பதிவை நீங்களே இலவசமாக நீக்கிக்கொள்ளலாம்.

இனி உங்கள் செட்டில்மென்ட். வங்கி அப்போது விட்டுக்கொடுத்தது 82,000 ரூபாய். அதைக் கட்டினால் 'செட்டில்டு' என்பதை 'குளோஸ்டு' ஆக்க முடியும். இதில் வரிசை மிக முக்கியம். முதலில் வங்கியிடமிருந்து கடிதம், பிறகு பணம். "விட்டுக்கொடுத்த தொகை இவ்வளவு, இதைக் கட்டினால் நிலுவை ஏதுமில்லை என்று சான்று தருவோம், நான்கு நிறுவனங்களிலும் கணக்கு முழுதும் அடைந்ததாகப் புதுப்பிப்போம்" என்று கார்டு எண்ணோடு, தேதியோடு, கையெழுத்தோடு எழுத்தில் வர வேண்டும். போனில் ஏஜென்ட் சொல்வதை நம்பிப் பணம் போட்டால், அது வரவில் ஏறிவிடும், குறிப்பு மட்டும் அப்படியே நிற்கும். இதுதான் அதிகம் நடக்கிற தவறு. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்று ஆரம்பிப்பார்கள். செட்டில்மென்ட் கடிதத்தை எடுத்து வைத்து, அன்று விட்டுக்கொடுத்த தொகையை மட்டும் கட்டுகிறேன் என்று பேசுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

அந்த பாக்கியை வங்கி வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் ஏதாவதொரு சொத்துச் சீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் கதை வேறு. அப்போது நீங்கள் கடன் கட்ட வேண்டியது அந்த நிறுவனத்துக்குத்தான். பழைய வங்கி தரும் சான்று செல்லாது. ரிப்போர்ட்டில் அந்தக் கணக்குக்கு மேலே யார் பெயர் இருக்கிறதோ அவரிடமே போக வேண்டும்.

82,000 ரூபாயைச் சும்மா கொடுப்பதா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 லட்சம், 20 ஆண்டு. 8.5 சதவீதத்தில் இஎம்ஐ சுமார் 31,240. குறிப்பு உறுத்திக்கொண்டிருந்து, வேறு நிறுவனத்தில் 10.5 சதவீதத்துக்கு வாங்கினால் சுமார் 35,940. மாதம் 4,700 வித்தியாசம். கட்டிய 82,000 பதினெட்டு மாதத்துக்குள் திரும்பிவிடும், அதற்கு மேல் பதினெட்டரை ஆண்டு மிச்சம்.

ஏழு ஆண்டு ஆனால் தானாகவே அழிந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். சட்டம் சொல்வது, தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றுதான். அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று இல்லை. உங்களோடு செட்டில் செய்த வங்கியின் சொந்தப் பதிவில் அது எப்போதும் இருக்கும், வீட்டுக்கடனுக்கு அந்த வங்கியைத் தவிர்த்துவிடுங்கள்.

மனைவியின் கல்விக் கடன் பார்க்கப் பயமாக இருக்கும், கட்டங்களில் 180-ஐயும் தாண்டி ஏறியிருக்கலாம். ஆனால் அதுதான் உங்கள் இருவரில் இலேசான பிரச்சினை. தாமதமானாலும் ஒரு ரூபாய் விடாமல் கட்டி முடித்த கணக்கு அது. அதற்குப் பிறகு 24 மாதம் எல்லாக் கட்டங்களும் 000 என்றிருந்தால் பெரும்பாலான வங்கிகள் விளக்கக் கடிதத்தோடு ஏற்றுக்கொள்ளும். கடன் முடிந்த சான்று கையில் இருக்கட்டும். அந்தக் கடனில் அவர் அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் அவர்கள் ரிப்போர்ட்டிலும் இந்தத் தாமதம் இருக்கும், அவர்களைக் கூட்டு மனுதாரராகச் சேர்க்க நினைத்தால் இதை மறக்க வேண்டாம்.

குழுக் கடனைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. வாரத் தவணை, வசூலுக்கு வருபவர் மாறிப்போனார், கடைசி சில தவணை நின்றுவிட்டது, வீட்டில் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் பாக்கி 'ரிட்டன் ஆஃப்' என்று நிற்கும். 'ரிட்டன் ஆஃப்' என்ற குறிப்புக்கு தொகை சின்னது பெரியது என்ற பேதம் வங்கியின் கணினிக்குப் பெரிதாகக் கிடையாது. லோன் கார்டைத் தேடி எடுத்து, கிளைக்கு நேரில் போய்க் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். கார்டு ஆண்டுக் கட்டணம், போன் ஆப் கடன், கூட்டுறவு வங்கி நகைக் கடன் வட்டி இவற்றிலும் இதே கதைதான்.

எல்லாம் திருந்தியபின், யார் பெயரில் கேட்பது? வங்கிகள் பொதுவாக எல்லா இஎம்ஐயும் சேர்த்துக் கைக்கு வரும் வருமானத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும், சம்பளம் குறைந்தால் 40 சதவீதத்திலேயே நிறுத்துவதும் உண்டு. பாதி என்றே வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்தால் 40,000 வரை இடம், 36 லட்சம் தாராளமாக அடங்கும். மனைவி மட்டும் என்றால் 16,000, அதாவது 18 லட்சம் சொச்சம். நீங்கள் மட்டும் என்றால் 24,000, சுமார் 27 லட்சம். ரிப்போர்ட் சரியில்லாதவரை விட்டுவிட்டு மற்றவர் மட்டும் போடலாமே என்பது நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் கணக்கில் அது வீட்டைச் சின்னதாக்கிவிடும். அதனால்தான் திருத்தியபின் இருவரும் சேர்ந்து போடுங்கள் என்கிறேன். ஒரு குறிப்பு: உங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் பைக் கடன் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், அந்த ஒன்றே வீட்டுக்கடன் தகுதியில் நான்கரை லட்சத்தைத் தின்றுவிடும். மிச்சம் சில தவணைதான் என்றால் முதலில் அதை முடியுங்கள்.

கூட்டுக் கடனில் பாதிப் பாதி பொறுப்பு என்று கிடையாது. முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு, தவணை தவறினால் இருவர் ரிப்போர்ட்டும் கெடும். பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரும் கடனில் இருக்க வேண்டும் என்று வங்கி கேட்கும். ஆனால் கடனில் உள்ள எல்லோர் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கேதான் பிற்காலத்தில் வருத்தம் வரும். சம்பளத்திலிருந்து இருபது ஆண்டு கட்டுபவரின் பெயர், அவர் கணவரோ மனைவியோ, பத்திரத்திலும் இருக்கட்டும்.

கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30-லிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம்தான் தரலாம். உங்கள் 45 லட்சத்துக்கு அதிகபட்சம் 36 லட்சம், கையிலிருந்து 9 லட்சம். மறுவிற்பனை ஃப்ளாட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 4,05,000 ரூபாய். இது கடனில் சேராது. பிராசஸிங் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர், அடமானப் பத்திரப் பதிவு இவற்றையும் சேர்த்தால் பதினான்கு லட்சத்தை ஒட்டி வரும். மதிப்பீட்டாளர் 42 லட்சம் என்று எழுதிவிட்டால் 80 சதவீதம் அதிலிருந்துதான். பழைய சிக்கல் உள்ளவர்களுக்கு 70, 75 சதவீதத்தோடு நிறுத்துவதும் நடக்கும். சீட்டு எடுத்த பணம், நகை விற்ற பணம் எல்லாம் வங்கிக் கணக்கு வழியாகவே வரட்டும், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். விற்பவர் அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு.

அட்வான்ஸ் என்றதும் இன்னொன்று. கடன் உறுதியாகும் முன் ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்றால், "வாங்குபவரின் வீட்டுக்கடன் இத்தனை நாளுக்குள் அனுமதியாகாவிட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் நிலையில் இது இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது. இதை விட்டு ஐந்து லட்சத்தை இழந்த குடும்பங்கள் உண்டு.

மனுப் போடும் முன் ஆறு மாதம் சம்பளக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு ஈசிஎஸ் ரிட்டர்ன் (பணமில்லாமல் தானியங்கித் தவணை திரும்புவது), ஒரு செக் பவுன்ஸ், ஆப் கடன் கழிவுகள் எல்லாம் ஸ்டேட்மென்ட்டில் அப்படியே தெரியும். கார்டு இருந்தால் லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் பயன்படுத்துங்கள். கார்டே இல்லையென்றால் ஃபிக்சட் டெபாசிட்டின் பேரில் தரும் கார்டை எடுத்து மாதாமாதம் முழுதும் கட்டுங்கள், புதிய நல்ல கட்டங்கள் சேரும்.

முதலில் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் கேளுங்கள், அது உங்களோடு செட்டில் செய்த வங்கியாக இல்லாதவரை. ஃபைலை லாகின் செய்யும் முன், அதாவது மனுவை முறையாகப் பதியும் முன், கிரெடிட் மேனேஜரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசிவிட வேண்டும். எதையும் மறைக்காதீர்கள், எப்படியும் வெளியே வரும். ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தத் தேதியில் வேலை போனது, எப்போது மறுபடி சேர்ந்தீர்கள், எந்தப் பாக்கி எப்போது முழுதும் அடைந்தது. பணிவிடுவிப்புக் கடிதம், நிலுவையில்லாச் சான்றுகள் பின்னால் இணைப்பு. இதை வைத்துத்தான் அவர் மேலிடத்தில் டீவியேஷன், அதாவது விதிவிலக்கு, அனுமதி கேட்பார். கடிதம் இல்லாமல் அவரால் எதையும் கேட்க முடியாது. வங்கி முடியாதென்றால் அடுத்தது வீட்டுவசதி நிதி நிறுவனங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ், ஆப்டஸ் போன்றவை இதில் உண்டு. வட்டி கூடும்.

சாங்ஷன் லெட்டரோடு (கடன் அனுமதிக் கடிதம்) கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளும் தர வேண்டும், 2024 அக்டோபர் முதல் இது கட்டாயம். அதில் ஏபிஆர் என்ற எண்ணைப் பாருங்கள், கட்டணம் எல்லாம் சேர்த்த உண்மையான ஆண்டுச் செலவு அதுதான். கடனோடு ஒட்டிவைக்கும் ஒற்றைப் பிரீமிய இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சொன்னால், எழுத்தில் கேளுங்கள். தனியாக டெர்ம் பாலிசி எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மலிவு.

கூடுதல் வட்டியில்தான் கிடைத்தது என்றாலும் அது இருபது ஆண்டுக்கும் நிலையல்ல. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. ஆனால் ஃபிக்சட் வட்டி என்று கையெழுத்திட்டுவிடாதீர்கள், அங்கே இந்தப் பாதுகாப்பு இல்லை. 18 மாதம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினால் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு இணைந்த வங்கிக் கடனுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது பிராசஸிங் கட்டணமும் அடமானப் பதிவுச் செலவும் மறுபடி வரும். அந்த மொத்தத்தை மாத மிச்சத்தால் வகுங்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் ஈடாகிறது என்றால் மாற்றுங்கள்.